மசில் காரின் அபூர்வ இன்ஜின்: ஃபேக்டரியில் பூட்டியதா, பிறகு பூட்டியதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1960-களின் நடுவிலிருந்து 1970-களின் தொடக்கம் வரை அமெரிக்கக் கார் கம்பெனிகள் சாதாரண இரண்டு கதவுக் காருக்குள் மிகப் பெரிய வி8 இன்ஜினை இறக்கி விற்றன. அவற்றைத்தான் மசில் கார் என்கிறோம். அந்தக் கார்களைப் பற்றிய ஒரு பேச்சு ஐம்பது வருடமாக ஓய்ந்தபாடில்லை. "அந்த மாடலில் இந்த இன்ஜினைப் போட்டு கம்பெனியே நாலைந்து கார் விட்டது, வெளியே யாருக்கும் தெரியாது" என்பார்கள். அதில் கொஞ்சம் உண்மை, நிறைய உண்மையில்லை. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லி வந்ததை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். 427, 428, 454 என்று வரும் எண்களெல்லாம் இன்ஜினின் கொள்ளளவு, கன அங்குலத்தில். 427 என்றால் ஏறக்குறைய 7 லிட்டர்.

"ஃபேக்டரி இன்ஜின்" என்று எதைச் சொல்கிறீர்கள்?

அசெம்பிளி லைனில் கார் உருவாகும்போதே உள்ளே இறக்கிய இன்ஜினை. இதில் தெளிவாக இல்லாவிட்டால் மற்ற எந்தக் கேள்விக்கும் பதில் கிடைக்காது. ஒரு பெரிய இன்ஜின் அந்தக் காலத்தில் ஒரு காருக்குள் வந்து சேர மூன்று வழி இருந்தது. ஃபேக்டரியில் போட்டிருக்கலாம். புதுக் காரை வாங்கி வைத்த டீலர் தன் ஒர்க்‌ஷாப்பில் மாற்றியிருக்கலாம். அல்லது கம்பெனியின் ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டரில் இன்ஜினைத் தனியாக வாங்கி, காரின் சொந்தக்காரரே எப்போதோ ஒரு நாள் பூட்டியிருக்கலாம். மூன்றிலும் இன்ஜின் அசல்தான். கார்தான் வேறு வேறு.

பென்சில்வேனியாவில் கேனன்ஸ்பர்க் என்ற ஊரில் டான் யென்கோ என்ற செவர்லே டீலர் இருந்தார். 1967-ல் அவர் விற்ற 427 கமாரோக்களில் அந்த இன்ஜினை அவருடைய ஆட்களே மாற்றிப் போட்டார்கள். 1969-ல் அதே டீலர் அதே 427-ஐ கம்பெனியின் மத்திய அலுவலகம் வழியாக ஆர்டர் செய்து, ஃபேக்டரியிலேயே போட்டு வாங்கினார். பெயரும் ஒன்று, கொள்ளளவும் ஒன்று. முன்னது டீலர் போட்டது, பின்னது ஃபேக்டரி போட்டது. இரண்டுமே இன்று மதிப்புள்ள கார்கள்தான். ஆனால் ஒன்றை இன்னொன்றாகச் சொல்லி விற்றால் அது பொய்.

1968 மஸ்டாங்கில் 427 இன்ஜின் வந்ததா, இல்லையா?

வரவில்லை. இதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் ஏன் இத்தனை பேர் இதை நம்பினார்கள் என்பதை முதலில் சொல்ல வேண்டும். அவர்கள் முட்டாள்தனமாக நம்பவில்லை.

1968 மாடலுக்காக ஃபோர்டு முன்கூட்டியே அச்சிட்ட விளம்பரக் கையேட்டில் மஸ்டாங்குக்கு 427 இன்ஜின் உண்டு என்றே போட்டிருந்தது. 390 குதிரைத்திறன், ஆட்டோமேட்டிக் கியர் மட்டும். அதற்கு ஃபோர்டு வைத்த குறியீட்டு எழுத்து டபிள்யூ. அதே வருடம் ஃபோர்டின் இன்னொரு பிராண்டான மெர்குரி, மஸ்டாங்கின் அண்ணன் மாதிரியான கூகர் காரில் ஜிடி-இ என்ற ரகத்தில் இதே 427-ஐ உண்மையாகவே போட்டு விற்றது. அப்படி 357 கார். அப்புறம் வசந்த காலத்தில் இன்ஜினை 428 கோப்ரா ஜெட்டாக மாற்றி இன்னும் 37 கார். மொத்தம் 394. ஆக அண்ணனுக்கு இருக்கிறது, தம்பிக்குக் கையேட்டில் இருக்கிறது. தம்பிக்கும் வந்திருக்கும் என்று யாரும் நினைக்கத்தான் செய்வார்கள். புத்தகங்களும் பத்திரிகைகளும் அந்தக் கையேட்டைப் பார்த்து எழுதின. அவற்றைப் பார்த்து அடுத்த புத்தகங்கள் எழுதின.

இன்னொரு காரணம் இரும்பிலேயே இருக்கிறது. 1967-ல் மஸ்டாங்கை மாற்றியமைத்தபோது இன்ஜின் அறையை அகலப்படுத்தி 390 இன்ஜினுக்கு இடம் கொடுத்தார்கள். 390-ம் 427-ம் ஒரே குடும்பம். வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி வித்தியாசம்கூடத் தெரியாது. 390 உட்கார்ந்த இடத்தில் 427 அப்படியே உட்காரும். ரேஸ் பித்துப் பிடித்தவர்கள் பலர் அப்படி உட்கார வைத்தார்கள். எனவே 427 இன்ஜினோடு ஒரு 1968 மஸ்டாங்கைக் கண்ணால் பார்த்த ஆட்கள் நிச்சயம் உண்டு.

இனி உறுதிக்கு வருவோம். 1967-லிருந்து ஃபோர்டு கட்டிய கார்களின் உற்பத்திப் பதிவு, காருக்குக் கார், இன்றும் இருக்கிறது. அரிசோனாவில் உள்ள மார்ட்டி ஆட்டோ ஒர்க்ஸ் ஃபோர்டிடம் உரிமம் வாங்கி அதை வைத்திருக்கிறது. ஒவ்வொரு காரின் சேசிஸ் நம்பர், இன்ஜின், கியர், நிறம், எந்த டீலருக்குப் போனது, எந்தத் தேதியில் கட்டியது எல்லாம் அதில் உண்டு. அந்தப் பதிவில் 1968 மஸ்டாங் வரிசையில் டபிள்யூ எழுத்து உள்ள கார் ஒன்றுகூட இல்லை. கூகர் வரிசையில் இருக்கிறது. பதிவில் ஓட்டை விழுந்திருந்தால் கூகரும் காணாமல் போயிருக்க வேண்டும்.

கையேட்டில் போட்டுவிட்டு ஏன் செய்யாமல் விட்டார்கள்?

கையேடு அச்சுக்குப் போவது கார் விற்பனைக்கு வருவதற்குப் பல மாதம் முன்னால். அன்றைக்குக் கம்பெனியின் எண்ணம் என்னவோ அதுதான் அதில் இருக்கும். கல்யாணப் பத்திரிகையில் பெயர் போட்டிருப்பதால் அந்த உறவினர் கல்யாணத்துக்கு வந்தார் என்று ஆகிவிடுமா? கையேடும் அப்படித்தான்.

427 ரேஸுக்காகப் பிறந்த இன்ஜின். கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங் மூடிகளைக் கீழிருந்து மட்டுமல்ல, பிளாக்கின் பக்கவாட்டிலிருந்தும் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். செய்வதற்குச் செலவு அதிகம். 428 சாதாரணப் பெரிய கார்களுக்கான இன்ஜின். மலிவு. அதில் நல்ல சிலிண்டர் ஹெட்டைப் போட்டு கோப்ரா ஜெட் ஆக்கினார்கள். ரோட் ஐலண்டில் டாஸ்கா என்ற ஃபோர்டு டீலர் இதற்கு முன்னோடி வேலையைச் செய்து காட்டியிருந்தார். 1968 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் பொமோனாவில் நடந்த டிராக் ரேஸில் கோப்ரா ஜெட் மஸ்டாங் ஜெயித்தது. ஏப்ரலில் விற்பனைக்கு வந்தது. காகிதத்தில் 335 குதிரைத்திறன் என்று போட்டார்கள், உண்மையில் அதைவிட அதிகம் என்பது ஓட்டிய எல்லோருக்கும் தெரியும். இது கையில் இருக்கும்போது மஸ்டாங்குக்கு 427 எதற்கு?

இதே மாதிரிக் கதை வேறு கார்களுக்கும் உண்டா?

உண்டு. அடிக்கடி காதில் விழும் மூன்றைச் சொல்கிறேன்.

1970 கார்வெட்டில் எல்எஸ்7 என்ற 454 இன்ஜின். ஆரம்ப அறிவிப்புகளில் வந்தது, பத்திரிகைக்காரர்கள் ஒரு காரை ஓட்டிப் பார்த்தும் எழுதினார்கள். விற்பனைக்கு வரவேயில்லை. ஆனால் அந்த இன்ஜினைச் செவர்லே கவுன்டரில் தனியாக விற்றது. அதனால் எல்எஸ்7 உள்ள 1970 கார்வெட் எதிரே வந்தால் இன்ஜின் உண்மையாக இருக்கலாம், "கம்பெனி போட்டது" என்பதுதான் உண்மையில்லை. (2006-ல் கார்வெட்டுக்கு வேறொரு புது இன்ஜினைச் செய்து அதற்கும் எல்எஸ்7 என்றே பெயர் வைத்தார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

செவர்லேவின் நடுத்தர அளவுக் காரான 1971 ஷெவலில் எல்எஸ்6 என்ற 454 இன்ஜின். 1970 ஷெவலில் இந்த இன்ஜின் 450 குதிரைத்திறனோடு வந்து பெயர் வாங்கியது. 1971-க்கும் உண்டு என்று முதலில் அறிவித்தார்கள். அந்த வருடம் செவர்லே, பான்டியாக் பிராண்டுகளின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் தன் எல்லா இன்ஜின்களின் கம்ப்ரெஷனையும் குறைத்தது. 1971 எல்எஸ்6 கார்வெட்டில் மட்டும் வந்தது, 188 கார். ஃபேக்டரிக் காகிதத்தோடு ஒரு 1971 எல்எஸ்6 ஷெவல் இதுவரை வெளியே வரவில்லை.

1973 பான்டியாக் ஜிடிஓவில் சூப்பர் ட்யூட்டி 455. அறிவித்தார்கள், பத்திரிகைகள் பாராட்டின, வாங்க வந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் அது ஃபயர்பேர்டு வகையில் மட்டும் வந்தது. 1973-ல் டிரான்ஸ் ஆம் 252, ஃபார்முலா 43.

அப்படியானால் "யாருக்கும் தெரியாத இன்ஜின்" என்று வரும் எல்லாப் பேச்சும் பொய்தானா?

அப்படிச் சொன்னால் அது இன்னொரு தவறு. நம்பவே முடியாத ஒரு கதை உண்மை என்பதுதான் இந்தத் துறையின் அழகு.

அந்தக் காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் தனக்குத் தானே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தது. நடுத்தர அளவுக்கும் அதற்குச் சின்னதுக்கும் 400 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் கிடையாது. அதனால் 1969 கமாரோவின் விலைப்பட்டியலில் 427 இல்லை. ஆனால் போலீஸ் கார், டாக்சி போன்ற சிறப்பு ஆர்டர்களுக்காகக் கம்பெனியில் ஒரு பக்கவழி இருந்தது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து கோப்போ என்பார்கள். மத்திய அலுவலகத்தின் உற்பத்தி ஆணை என்று பொருள். இல்லினாயில் லா ஹார்ப் என்ற சின்ன ஊர். அங்கே ஃப்ரெட் கிப் என்ற டீலர். ரேஸில் ஓட்ட அனுமதி கிடைக்க 50 கார் கட்ட வேண்டும் என்பதால் அவர் 50 கமாரோவை இந்தப் பக்கவழியில், முழுக்க அலுமினியத்தால் ஆன இசட்எல்1 என்ற 427 இன்ஜினோடு ஆர்டர் செய்தார். ஆணை எண் 9560. கார் வந்த பிறகுதான் இன்ஜினுக்கு மட்டும் 4,160 டாலர் என்று தெரிந்தது. சாதாரண வி8 கமாரோவின் முழு விலையே அதைவிடக் குறைவு. விற்க முடியாமல் பெரும்பாலான கார்களைக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பினார். வேறு டீலர்கள் வாங்கியதையும் சேர்த்து மொத்தம் 69 கார்.

விலைப்பட்டியலில் இல்லாத, விளம்பரத்தில் வராத இன்ஜின், ஃபேக்டரியிலேயே போட்டது. யாராவது 1975-ல் டீக்கடையில் உட்கார்ந்து இதைச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். பாஸ் 429 என்ற ஃபோர்டு இன்ஜினோடு இரண்டு 1969 கூகர் ரேஸுக்காகக் கட்டப்பட்டதும் இப்படித்தான். காதில் விழுந்தால் கட்டுக்கதை போல இருக்கும், ஆவணம் இருக்கிறது.

கவனித்தீர்களா? கையேட்டில் இருந்தது வரவில்லை. கையேட்டில் இல்லாதது வந்தது. அதனால் கையேட்டை வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

சேசிஸ் நம்பரைப் பார்த்தாலே இன்ஜின் தெரிந்துவிடாதா?

கம்பெனியைப் பொறுத்தது.

ஃபோர்டிலும் கிரைஸ்லரிலும் தெரியும். இரண்டிலும் ஐந்தாவது எழுத்துதான் இன்ஜின். 1968 மஸ்டாங்கில் 8ஆர்02எஸ் என்று தொடங்கினால், 8 என்பது வருடம், ஆர் என்பது சான் ஹோசே ஃபேக்டரி, 02 என்பது ஃபாஸ்ட்பேக் உடல், எஸ் என்பது 390 இன்ஜின். கிரைஸ்லரில் பிஎஸ்27ஆர்1பி என்று தொடங்கினால், பாரகுடா, உயர் செயல்திறன் வகை, கன்வர்ட்டிபிள், 426 ஹெமி, 1971, ஹாம்ட்ராமிக் ஃபேக்டரி. அந்த ஒரே ஒரு ஆர் எழுத்துக்குத்தான் இத்தனை பணம். இப்படி ஒரு 1971 ஹெமி குடா கன்வர்ட்டிபிள் 2014-ல் சியாட்டில் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது.

செவர்லேவிலும் பான்டியாக்கிலும் 1972-க்கு முன்னால் தெரியாது. ஆறு சிலிண்டரா எட்டு சிலிண்டரா என்பதோடு நின்றுவிடும். எட்டு சிலிண்டரில் சாதாரண 307-ம் ஒன்றுதான், 454-ம் ஒன்றுதான். வதந்தியும் போலியும் செவர்லேவைச் சுற்றி அதிகம் இருப்பதற்கு இதுதான் வேர்.

சரி, செவர்லேவில் எதைப் பார்ப்பது?

இன்ஜினுக்குப் பக்கத்தில் குனிய வேண்டும். பயணி உட்காரும் பக்கத்து சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், பிளாக்கின் மேல் விரல் அகலத்துக்கு ஒரு தட்டையான இடம் இருக்கும். ஸ்டாம்ப் பேட் என்பார்கள். ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டும் ஐம்பது வருட எண்ணெய்ப் பிசுக்கும் அதை மறைத்திருக்கும். துணியில் கொஞ்சம் தின்னர் தொட்டுத் துடையுங்கள். தேய்க்க வேண்டாம், கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். பிறகு டார்ச்சை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில், தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடியுங்கள்.

இரண்டு முத்திரை தெரியும். ஒன்று இன்ஜினைக் கட்டிய இடத்தில் அடித்தது. டி0212 என்று தொடங்கினால், டி என்பது நியூயார்க் மாநிலத்து டோனவாண்டா இன்ஜின் ஃபேக்டரி, 02 பிப்ரவரி, 12 தேதி. அதன் பின்னால் வரும் எழுத்துகள் இது எந்த இன்ஜின், எந்த கியரோடு போனது என்பதைச் சொல்லும். இன்னொன்று கார் கட்டிய இடத்தில் அடித்தது. 10கே என்று தொடங்கி ஆறு இலக்கம் இருந்தால், செவர்லே, 1970, கன்சாஸ் சிட்டி ஃபேக்டரி, பிறகு அந்தக் காரின் வரிசை எண். இந்த எண் டாஷ்போர்டில் உள்ள சேசிஸ் நம்பரோடு ஒத்துப்போக வேண்டும்.

இந்த இரண்டும் வெவ்வேறு ஊரில், வெவ்வேறு நாளில், வெவ்வேறு ஆள் அடித்தவை. அதனால் எழுத்தின் உருவமும் ஆழமும் சாய்வும் வேறு வேறாகத்தான் இருக்கும். ஒரே கை அடித்தது போல இரண்டும் ஒரே அழகில் நின்றால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

எழுத்துக்குக் கீழே இன்னும் ஒன்று இருக்கிறது, அதைத்தான் நான் முதலில் தேடுவேன். பிளாக்கின் மேல்தளத்தை ஃபேக்டரியில் ப்ரோச் என்ற கருவியால் இழைப்பார்கள். அது முன்னும் பின்னுமாக முடி மாதிரி நேர்கோடுகளை விட்டுச் செல்லும். சாய்த்துப் பிடித்த வெளிச்சத்தில் எழுத்துகளுக்கு இடையே அந்தக் கோடுகள் ஓடுவது தெரிந்தால் மனம் நிம்மதியாகும். பழைய எண்ணை அழித்துப் புது எண் அடித்தவர் அந்தத் தளத்தை இழைத்திருக்க வேண்டும். அப்போது பேட் கண்ணாடி போல வழவழப்பாக இருக்கும், அல்லது மில்லிங் மெஷின் விட்ட வளைகோடுகள் இருக்கும். ஒரு முறை "ஒரிஜினல் எல்எஸ்6" என்று காட்டிய காரில் நான் பார்த்தது அந்த வளைகோடுகளைத்தான். விற்றவருக்கே அது தெரியாது, அவரும் அப்படிச் சொல்லித்தான் வாங்கியிருந்தார். டார்ச்சை அவர் கையில் கொடுத்தபோது அவர் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது.

ஒரு எச்சரிக்கை. இன்ஜினை ஒழுங்காகப் பழுதுபார்க்கும்போதும் மேல்தளத்தை இழைப்பதுண்டு. கோடு இல்லை என்பதாலேயே மோசடி என்று முடிவுகட்டி, நேர்மையான ஒருவரின் பெயரைக் கெடுத்துவிடாதீர்கள்.

தேதிகளை எப்படிப் பொருத்துவது?

வார்ப்பு முதலில், இன்ஜின் பிறகு, கார் கடைசியில். பிளாக்கில் வார்த்த தேதி மேலெழுந்து நிற்கும். முதல் எழுத்து மாதம், ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர். கே 8 9 என்றால் 1969 நவம்பர் 8. அதற்குப் பிறகுதான் பேடில் உள்ள தேதி வர வேண்டும், அதற்கும் பிறகுதான் கார் கட்டிய தேதி. இந்த வரிசை மாறினால் அந்த இன்ஜின் அந்தக் காரில் பிறக்கவில்லை. இதற்கு மேல் வாதம் கிடையாது.

அசல் இன்ஜினே காரில் இல்லை. அப்படியானால் கார் போலியா?

இல்லை. இந்தக் கார்களை வாங்கியவர்கள் கோயிலுக்குப் போய்வர வாங்கவில்லை. சிவப்பு விளக்கில் நின்று பச்சைக்குப் பறக்க வாங்கினார்கள். நிறைய இன்ஜின் வெடித்தது. வாரன்டியில் செவர்லே மாற்றிக் கொடுத்த பிளாக்குகளில் சிஇ என்று முத்திரை இருக்கும். அசல் இன்ஜின் போய்விட்டது என்பதால் அந்தக் கார் எல்எஸ்6 ஆகப் பிறக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அப்போது சாட்சி சொல்ல இரும்பு இல்லை, காகிதம்தான் பேச வேண்டும்.

எந்தக் காகிதத்தை நம்பலாம்?

நிலம் வாங்கும்போது மூலப் பத்திரம் கேட்போம் இல்லையா, இங்கே அதற்குச் சமம் பில்ட் ஷீட். கிரைஸ்லரில் ப்ராட்காஸ்ட் ஷீட் என்பார்கள். லைனில் நிற்பவர்களுக்கு "இந்தக் காரில் இதையெல்லாம் போடு" என்று சொன்ன தாள். வேலை முடிந்ததும் அது எங்கே போயிற்றோ அங்கேயே கிடக்கும். செவர்லேவில் பெட்ரோல் டேங்குக்கு மேல், கிரைஸ்லரில் பின் சீட்டின் ஸ்பிரிங்குக்குள். எலி கடித்து, துருக்கறை படிந்து, நாலாக மடிந்து வரும். அதைப் பிரிக்கும்போது கை நடுங்குவது இயல்பு. ஆனால் அந்தத் தாளில் உள்ள சேசிஸ் நம்பரை முதலில் பாருங்கள். பக்கத்துக் காரின் தாளை லைனில் இந்தக் காரில் செருகிவிட்டுப் போன கதைகள் நிறைய.

செவர்லேவின் வாரன்டிப் புத்தகத்தில் ஒட்டியிருந்த ப்ரொடெக்ட்-ஓ-ப்ளேட் என்ற சின்ன உலோகத் தகட்டில் இன்ஜின் குறியீடு பொறித்திருக்கும். நல்ல சாட்சி, ஆனால் போலித் தகடும் உண்டு. கிரைஸ்லரில் இன்ஜின் அறைக்குள் இடது ஃபெண்டரில் திருகியிருக்கும் தகட்டில் 1970, 1971 ஹெமிக்கு இ74 என்று இருக்கும். அதுவும் இரண்டு திருகில் கழன்று வரும் தகடுதான். எனவே ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்திலும், முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள கௌல் என்ற பகுதியிலும் உடலோடு சேர்த்து அடித்த எண்ணையும் பாருங்கள்.

பளபளவென்று இருக்கும் விலைச் சீட்டு, அதாவது ஜன்னலில் ஒட்டும் தாள், பெரும்பாலும் இப்போது அச்சிட்டது. அழகுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கம்பெனியிடமே கேட்டுவிட முடியாதா?

ஃபோர்டு என்றால் மார்ட்டி அறிக்கை. சேசிஸ் நம்பர் இருந்தால் போதும், மூன்று தரத்தில் கொடுப்பார்கள். பான்டியாக் என்றால் பிஎச்எஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமைப்பு, 1961 முதலான கார்களின் ஃபேக்டரி பில் நகலைத் தரும். அந்தக் காரில் ராம் ஏர் IV என்ற அபூர்வ இன்ஜின் போட்டதா என்பது அந்த ஒரு தாளில் முடிந்துவிடும். கனடாவில் விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் கார் என்றால் அந்நாட்டுக் கிளையிடம் பதிவு உண்டு. அதனால்தான் கனடாவில் விற்ற ஒரு ஷெவலை நிரூபிப்பது சுலபம், அமெரிக்காவில் விற்ற அதே ஷெவலை நிரூபிப்பது பெரும்பாடு.

அமெரிக்காவில் விற்ற செவர்லேவுக்கு இப்படி முழுமையான பதிவு கிடையாது. கார்வெட் மீட்டெடுப்போர் சங்கத்திடம் கார் எந்த டீலருக்குப் போனது என்ற தகவல் மட்டும் கிடைக்கும். இன்ஜின் கிடைக்காது.

இதனால் "இல்லை" என்ற சொல்லுக்கே கம்பெனிக்குக் கம்பெனி பொருள் மாறுகிறது. 1968 மஸ்டாங் 427 இல்லை என்றால், முழுக் கணக்கையும் பார்த்தாயிற்று, இல்லை. 1971 எல்எஸ்6 ஷெவல் இல்லை என்றால், இத்தனை வருடம் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. முன்னதை யாராவது கொண்டுவந்தால் நான் காரைப் பார்க்கக்கூடப் போக மாட்டேன். பின்னதை யாராவது எலி கடித்த பில்ட் ஷீட்டோடு கொண்டுவந்தால் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிவிடுவேன்.

"உலகத்திலேயே இது ஒன்றுதான்" என்கிறார்களே?

எதோடு சேர்த்து ஒன்று என்று கேளுங்கள். பச்சை நிறம், வெள்ளை சீட், கடிகாரம், பின்கண்ணாடி டிஃபாகர் என்று சேர்த்துக்கொண்டே போனால் எந்தக் காரும் ஒற்றைக் கார்தான். இன்ஜின் அபூர்வமா, நிறச் சேர்க்கை அபூர்வமா என்பது வேறு வேறு கேள்வி. 1970-ல் 4,475 எல்எஸ்6 போயின என்று கணக்கு உண்டு. அதில் கன்வர்ட்டிபிள் எத்தனை என்று செவர்லே பிரித்து வைக்கவில்லை. யாராவது துல்லியமாக ஒரு எண் சொன்னால் அது ஊகம்.

ஃபேக்டரியில் வேலை பார்த்தவர் சொன்னால் நம்பலாமா?

மரியாதையோடு கேட்டுக்கொள்ளுங்கள், எழுதியும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தலைமுறை வேகமாகக் குறைந்துகொண்டிருக்கிறது. ஆனால் கார் என்ன என்று கேட்பதற்கு முன்னால் எந்த ஃபேக்டரி, எந்த வருடம், லைனில் என்ன வேலை என்று கேளுங்கள். கன்சாஸ் சிட்டியில் கதவு பூட்டியவருக்கு பால்டிமோரில் என்ன இன்ஜின் போனது என்று தெரிய வாய்ப்பில்லை. நினைவு எங்கே தேட வேண்டும் என்று காட்டும். அதையே ஆதாரமாக வைத்துக் காரை வாங்கக் கூடாது.

சேசிஸ் நம்பர் தகட்டையே மாற்றியிருந்தால்?

அமெரிக்காவில் அது கிரிமினல் குற்றம். அந்தக் காலத்து ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் தகடுகளைப் பூ இதழ் போன்ற தலையுள்ள ரிவெட்டால் அடித்திருப்பார்கள். சாதாரண பாப் ரிவெட் இருந்தால், சுற்றிலும் கீறல் இருந்தால், பேச்சை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

என் மாமா 1970-களில் அமெரிக்காவில் படித்தபோது 427 போட்ட 1968 மஸ்டாங்கைப் பார்த்தேன், ஓனரே பானட்டைத் திறந்து காட்டினார் என்கிறார். அவர் பொய் சொல்கிறாரா?

பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது மூன்றில் ஒன்றாக இருக்கும். யாரோ 390-ஐ எடுத்துவிட்டு 427 இறக்கிய மஸ்டாங். அல்லது வெறும் 390-ஐ வைத்துக்கொண்டு 427 என்று பெருமை பேசிய ஓனர். அல்லது கூகர் ஜிடி-இ. கூட்டமாக நிற்கும் இடத்தில் பானட் திறந்திருந்தால் மஸ்டாங்கா கூகரா என்று கவனிக்க யாருக்குத் தோன்றும்?

அவரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். முன்பக்கத்து ஹெட்லைட் தெரிந்ததா, அல்லது கிரில்லுக்குப் பின்னால் மூடி மறைந்திருந்ததா? 1968 மஸ்டாங்கில் ஹெட்லைட் எப்போதும் வெளியே தெரியும். கூகரில் அவை கிரில்லுக்குள் ஒளிந்திருக்கும், விளக்குப் போட்டால்தான் மூடி திறக்கும். "மறைந்திருந்தது" என்று மாமா சொன்னால், அவர் அந்த 357 கூகர்களில் ஒன்றைப் பார்த்திருக்கலாம். அந்த ஓனரின் பெயரோ, ஊரோ, நிறமோ நினைவிருக்கிறதா என்று உடனே கேட்டு எழுதி வையுங்கள்.